சென்னை கம்பெனி அக்கவுண்ட்ல கேமை வெளியிடலாமா, நாமே ஸ்டீம்ல பதியலாமா?

முதுநகர்க்காரன் | செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகர்ல இருந்து எழுதறேன். நானும் என் நண்பனும் சேர்ந்து செஞ்ச பிசி கேம் முடியற கட்டத்துக்கு வந்துடுச்சு. பிசி கேம் விக்கற ஆன்லைன் கடையான ஸ்டீம்ல போடப் பார்க்கறோம். விசைப்படகை எடுத்துக்கிட்டு முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகணும், மீனோட திரும்பணும். மண்மேடு எங்க ஏறியிருக்குன்னு மேப்புல காட்ட மாட்டோம். தண்ணியோட நிறத்தையும் அலை உடையற இடத்தையும் பார்த்து ஆடறவங்களே கண்டுபிடிக்கணும். நண்பனோட அப்பா ரொம்ப வருஷமா படகு ஓட்டினவர். அவர் பக்கத்துல உக்காந்து "இப்படி உடையாது, இன்னும் கொஞ்சம் தள்ளி உடையும்"னு சொல்லச் சொல்லத்தான் அந்த அலையைச் செஞ்சோம்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். சென்னையில ஒரு கம்பெனி எங்க வீடியோவைப் பார்த்துட்டுப் பேசினாங்க. "ஸ்டீம்ல தனி ஆளுக்குக் கணக்கு தர மாட்டாங்க, பிரைவேட் லிமிடெட் இருந்தாத்தான் நடக்கும். எங்க அக்கவுண்ட்லயே போட்டுத் தர்றோம்"ங்கறாங்க. ஸ்டீம் பிடிச்சது போக வர்ற காசுல 40% அவங்களுக்கு. இந்த கேமோட அடுத்த பாகத்தை வெளியிடற உரிமையும் அவங்களுக்குன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து கேக்கறாங்க. போடலாமா?

லாஸ்பேட்டை லதா | செவ்வாய், இரவு 10:25

தம்பி, கையெழுத்து போடாதீங்க. முதல்ல இதைப் படிங்க.

தனி ஆளுக்குக் கணக்கு கிடையாதுங்கறது பொய். நான் புதுச்சேரியில வீட்டுல உக்காந்து என் சொந்தப் பேர்லதான் ஸ்டீம்வொர்க்ஸ், அதாவது கேம் விக்கறவங்களுக்கான ஸ்டீம் கணக்கு வச்சிருக்கேன். கம்பெனி பதிவு எதுவும் கேக்கல. 18 வயசு ஆகியிருக்கணும், பான் கார்டு வேணும், பேங்க் கணக்கு வேணும். ஒவ்வொரு கேமுக்கும் 100 டாலர் கட்டணம், நம்ம காசுல ஒன்பதாயிரம் பக்கம் வரும். அந்த கேம் 1,000 டாலருக்கு வித்துட்டா அந்த நூறையும் திருப்பிக் குடுத்துடறாங்க.

ஒரு காலத்துல கதவு மூடித்தான் இருந்துச்சு. 2012-ல கிரீன்லைட்னு ஒரு முறை கொண்டுவந்தாங்க. கேமைப் பார்வைக்கு வச்சு, ஆடறவங்க ஓட்டு போட்டாத்தான் கடைக்குள்ள விடுவாங்க. அமெரிக்காவுல ஏற்கனவே ஆள்பலம் இருந்தவங்களுக்கு ஓட்டு விழுந்துச்சு. நம்ம ஊர்ல இருந்து ஓட்டு சேர்க்கறது பெரும்பாடு. அப்போ பெரிய பப்ளிஷரோட (கேமை வெளியிட்டுத் தர்ற கம்பெனியோட) கணக்கு வழியா போறதுக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு. 2017 ஜூன்ல அந்த முறையையே எடுத்துட்டாங்க. இப்போ பணம் கட்டி, காகிதம் சரியா குடுத்தா யாரும் உள்ள போகலாம். இல்லாத பூட்டுக்குச் சாவி விக்கறாங்க உங்ககிட்ட.

கணக்கையும் பாருங்க. கேம் 10 டாலருக்கு வித்தா ஸ்டீம் 30% எடுத்துக்கும், மிச்சம் 7. அதுல 40% அவங்களுக்குன்னா 2.80 போகுது, உங்க கைக்கு 4.20. ரீஃபண்டும் வரியும் இன்னும் கழிக்கல. அதையும் நீங்க ரெண்டு பேர் பிரிச்சுக்கணும்.

அதைவிடப் பெரிய விஷயம், அக்கவுண்ட் யாருதோ விஷ்லிஸ்ட்டும் (வாங்கணும்னு ஆடறவங்க குறிச்சு வைக்கற பட்டியல்) ரிவ்யூவும் பில்டும் (கடையில ஏத்தற கேம் ஃபைல்) அவங்க கையில. நாளைக்கு கேம்ல ஒரு பிழையைச் (பக்) சரிபண்ணி அப்டேட் போடணும்னாக்கூட அவங்க அனுமதி குடுத்தாத்தான் முடியும். கேமை இன்னொரு கணக்குக்கு மாத்த ஸ்டீம்ல வழி இருக்கு, ஆனா ரெண்டு பக்கமும் ஒத்துக்கணும்.

பழைய ஆட்டக்காரன் | புதன், காலை 7:12

லதா சொல்றதை நான் முழுசா ஏத்துக்கல. கதவு திறந்திருக்குன்னு சொல்லிச் சொல்லியே வருஷத்துக்குப் பல ஆயிரம் கேம் உள்ள போகுது, பெரும்பாலானதை யாருமே பார்க்கறதில்ல. கிரீன்லைட்ல குறை இருந்துச்சு, ஆனா வெளியிடறதுக்கு முன்னாடியே இதை யாராவது வாங்குவாங்களான்னு தெரிஞ்சுடும். இப்போ பணம் கட்டி, பேஜ் போட்டு, ரிலீஸ் பண்ணி, அப்புறம்தான் தெரியுது.

நல்ல பப்ளிஷர் பணத்தை வெட்டியா வாங்கறதில்ல. சீன மொழிபெயர்ப்பு, டெஸ்டிங், யூடியூபர்களோட தொடர்பு, நிண்டெண்டோவோட ஸ்விட்ச் கருவிக்கு மாத்தறது எல்லாம் ரெண்டு பசங்களால ஆகற காரியமா? நிண்டெண்டோல டெவலப்பரா பதியறது இலவசம்தான், ஆனா டெவ்கிட்டுங்கற சோதனைக் கருவி வாங்கி ஒப்புதல் வரைக்கும் போறதுக்கு அனுபவப்பட்ட ஆள் வேணும். 40% அதிகமான்னு கேளுங்க, அது நியாயமான கேள்வி. பப்ளிஷரே வேண்டாம்னு சொல்லாதீங்க.

லாஸ்பேட்டை லதா | புதன், காலை 8:03

பப்ளிஷரே வேண்டாம்னு நான் எங்கயும் சொல்லல. நீங்க சொன்ன வேலை அத்தனையும் பண்றவங்களா இருந்தா உக்காந்து பேசலாம். தம்பி, அந்த ஒப்பந்தத்துல மொழிபெயர்ப்புக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு பண்ணுவோம்னு எங்கயாவது எழுதியிருக்காங்களா?

முதுநகர்க்காரன் | புதன், காலை 8:31

இல்லக்கா. "தேவையான விளம்பரம் செய்யப்படும்"னு மட்டும் இருக்கு. தொகை எதுவும் போடல. அவங்க செலவு பண்ணினா அதை முதல்ல கழிச்சுட்டுத்தான் பங்குன்னு ஒரு வரி இருக்கு.

பழைய ஆட்டக்காரன் | புதன், காலை 8:50

அப்படின்னா அது பப்ளிஷிங் ஒப்பந்தமே இல்ல தம்பி, அக்கவுண்ட்டை வாடகைக்கு விடறாங்க. இந்த ஒண்ணுல லதா பக்கம்தான் நான். விட்டுடுங்க.

நெல்லிக்குப்பம் கணக்கர் | புதன், காலை 11:20

நான் கேம் ஆடுபவன் அல்ல. வரிக் கணக்கு எழுதுவது தொழில். ஸ்டீம், கூகுள் ஆகியவற்றில் இருந்து வருமானம் வரும் சில பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்த்துத் தருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் நான் பார்த்த தடங்கல்களில் பெரும்பாலானவை பணத்தால் வந்தவை அல்ல, இனிஷியலால் வந்தவை.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் "எஸ். கார்த்திக்" என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியல் மட்டும் போட முடியாததால் "கார்த்திக் செல்வம்" என்றோ "செல்வம் கார்த்திக்" என்றோ விரித்திருப்பார்கள். ஆதாரில் "கார்த்திக் எஸ்". வங்கிப் புத்தகத்தில் வெறும் "கார்த்திக்". நால்வரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். அமெரிக்காவில் இருக்கும் சரிபார்ப்பு முறைக்கு இவர்கள் நான்கு பேர்.

ஸ்டீமில் சட்டப்பூர்வப் பெயர், வரிப் படிவத்தில் உள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து. எனவே 100 டாலர் கட்டுவதற்கு முன் பான், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். பானில் இருப்பதை மூலமாக வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுவது எளிது. வங்கியில் ஒரு விண்ணப்பம், பான் நகல், ஆதார் நகல் கொடுத்தால் பெயரைத் திருத்தித் தருவார்கள்.

முதுநகர்க்காரன் | புதன், மதியம் 1:05

சார், இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன். பான்ல அப்பா பேர் முன்னாடி இருக்கு, பாஸ்புக்ல இனிஷியல் பின்னாடி இருக்கு. ஆதார் வேற மாதிரி. நண்பனோடது மூணும் ஒண்ணா இருக்கு. அவன் பேர்லயே பதிஞ்சுடலாமா? ரெண்டு பேரும் சமபங்கு. அப்புறம் எங்களுக்குன்னு ஒரு ஸ்டூடியோ பேர் வச்சிருக்கோம், அந்தப் பேர்ல பதிய முடியாதா?

நெல்லிக்குப்பம் கணக்கர் | புதன், மதியம் 2:40

நண்பர் பெயரில் பதியலாம். ஆனால் பணம் முழுவதும் அவர் கணக்கில்தான் விழும், வருமான வரியில் அது முழுக்க அவர் வருமானமாகத்தான் தெரியும். உங்களுக்கு அவர் தரும் பாதியை எந்தக் கணக்கில் காட்டுவது என்ற கேள்வி வரும். ஆகவே இருவருக்கும் இடையே ஓர் எழுத்து ஒப்பந்தம் இன்றே போட்டுக்கொள்ளுங்கள்: கேம் இருவருக்கும் சமமாகச் சொந்தம், பங்கு இவ்வளவு, ஒருவர் விலகினால் என்ன நடக்கும். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதுவதுதான் சுலபம்.

வருமானம் நிலையாக வரும் என்று தோன்றினால் கூட்டுப் பங்காண்மை நிறுவனமாக மாறலாம். பத்திரம், நிறுவனத்துக்குத் தனி பான், நடப்புக் கணக்கு வேண்டும். முதல் கேமுக்கே பிரைவேட் லிமிடெட் தொடங்க அவசரப்படாதீர்கள். ஒரு ரூபாய் வரவில்லை என்றாலும் ஆண்டுதோறும் தணிக்கையும் தாக்கல்களும் செய்தே ஆக வேண்டும்.

ஸ்டூடியோ பெயர் பற்றி லதா அம்மா சொல்லட்டும்.

லாஸ்பேட்டை லதா | புதன், மாலை 6:15

ஸ்டூடியோ பேரைப் பதிவுல போடாதீங்க. பதிவுல பான்ல இருக்கற பேர். கடைப் பக்கத்துல டெவலப்பர், பப்ளிஷர்னு ரெண்டு இடம் இருக்கும், அங்க உங்க ஸ்டூடியோ பேரை வச்சுக்கலாம். ஆடறவங்க கண்ணுக்கு அதுதான் தெரியும்.

அடுத்து வரி. பதியும்போதே அமெரிக்க வரிக்காக டபிள்யூ-8பென் படிவம் நிரப்பச் சொல்லுவாங்க. வரி அடையாள எண் கேக்கற இடத்துல உங்க பான் எண்ணைப் போடுங்க. இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தப்படி ராயல்டிக்கு 15% பிடிப்பாங்க. அதை உரிமை கொண்டாடாம விட்டா 30% போயிடும். இதுவும் அமெரிக்காவுல வித்த பிரதிகளுக்கு மட்டும்தான், மொத்த விற்பனைக்கும் இல்ல. பிடிச்ச வரியை இங்க ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், அதுக்குக் கணக்கர் சாரைப் பிடிங்க.

பணம் 100 டாலர் சேர்ந்தப்புறம்தான் அனுப்புவாங்க, ஸ்விஃப்ட்ங்கற வெளிநாட்டு பேங்க் பரிமாற்றம் வழியா வரும். இங்கதான் நான் மாட்டினேன். எந்த பேங்க்னு சொல்லல. முதல் பணம் வந்து நிக்குது, கணக்குல ஏறல. போய்க் கேட்டா, "எதுக்கு வந்த பணம்?"னாங்க. கம்ப்யூட்டர் கேம் வித்ததுன்னேன். கவுண்ட்டர்ல இருந்தவர் குரலைத் தாழ்த்தி, "ரம்மியாம்மா?"ன்னு கேட்டார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், நம்ம ஊர்ல ஆன்லைன் கேம்னா பேப்பர்ல வர்ற செய்தி அப்படி. 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டம் காசு வச்சு ஆடறதைத்தான் தடை பண்ணுது. நாம செய்யறது அது இல்ல. ஆனா அதைக் கவுண்ட்டர்ல நின்னுக்கிட்டு விளக்கறது கஷ்டம். அதனால ஒரு ஃபைல் தயாரா வச்சுக்கோங்க. ஸ்டீம் விநியோக ஒப்பந்தத்தோட பிரிண்ட், அந்த மாச விற்பனை அறிக்கை, கேம் பேஜோட பிரிண்ட், பான் நகல். வெளிநாட்டுப் பணத்துக்கு நோக்கக் குறியீடு கேப்பாங்க, எது பொருந்தும்னு கணக்கரைக் கேட்டு முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க. அந்த ஃபைலோட போன அன்னிக்கு மேனேஜரே கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசினார். அப்புறம் ஒருமுறைகூட நிக்கல.

வில்லியனூர் விக்கி | புதன், இரவு 9:30

நான் மொபைல் பக்கம். யாராவது "ஸ்டீம் கஷ்டம், முதல்ல பிளே ஸ்டோர்ல போடு"ன்னு சொன்னா நம்பாதீங்க. கட்டணம் என்னவோ 25 டாலர்தான், ஒரே தடவை. 2021 ஜூலையில இருந்து வருஷத்துக்கு முதல் 10 லட்சம் டாலர் வரைக்கும் கூகுள் எடுக்கற பங்கும் 15%தான். ஆனா 2023 நவம்பர் 13-க்கு அப்புறம் திறந்த தனிநபர் கணக்குன்னா, வெளியிடறதுக்கு முன்னாடி மூடிய டெஸ்ட், அதாவது நாம சேர்த்த ஆளுங்க மட்டும் ஆடிப் பார்க்கற சோதனை, நடத்தியே ஆகணும். முதல்ல 20 பேர்னு வச்சிருந்தாங்க, 2024 டிசம்பர்ல 12 பேரா குறைச்சாங்க. அந்த 12 பேரும் தொடர்ந்து 14 நாள் டெஸ்டுல சேர்ந்தபடியே இருக்கணும். அதுக்கப்புறம்தான் விண்ணப்பம் போடலாம், அதுலயும் டெஸ்டர்கள் என்ன சொன்னாங்க, நீங்க என்ன மாத்தினீங்கன்னு கேள்வி கேப்பாங்க.

சென்னை, பெங்களூருல ஆபீஸ்ல வேலை பார்க்கறவங்களுக்கு 12 பேர் மதிய சாப்பாட்டு மேசையிலயே கிடைச்சுடுவாங்க. வில்லியனூர்ல ஆண்ட்ராய்டு போன் வச்சிருக்கற 12 பேர் கிடைப்பாங்க, ஜிமெயில் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கற 12 பேர் கிடைக்கணுமே! எங்க தெரு டைலர் அண்ணன், என் சித்தி, பால் வாங்கற வீட்டுப் பையன்னு ஒவ்வொருத்தர் போனையும் நானே வாங்கி லிங்க்கைத் திறந்து சேர்த்துவிட்டேன். டைலர் அண்ணன் நிஜமாவே ஆடினார். மூணாவது லெவல்ல பட்டன் விரலுக்குக் கீழ மறையுதுன்னு அவர்தான் சொன்னார். எவ்வளவோ பெரிய ஆளுங்க பார்த்தும் சொல்லாத குறை அது.

காசு குடுத்தா டெஸ்டர் தர்றோம்னு வாட்ஸ்அப்ல நிறைய பேர் சுத்தறாங்க. தொடாதீங்க. போலிக் கணக்குன்னு தெரிஞ்சா போறது உங்க டெவலப்பர் கணக்கு.

பிக்சல் மீனா | புதன், இரவு 10:48

விக்கி அண்ணா, ஒரு சந்தேகம். நான் காலாப்பட்டுல படிக்கறேன். பிளே ஸ்டோர்ல கேம் போட்டா நம்ம வீட்டு முகவரி வெளிய தெரியுமாமே? அம்மா அதைக் கேட்டுட்டு வேண்டவே வேண்டாங்கறாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு.

இன்னொண்ணு. கேம் செய்யற மென்பொருளான யூனிட்டியில தமிழ் எழுத்து உடையுது. "கொ"ன்னு அடிச்சா ஒற்றைக் கொம்பு "க"வுக்கு முன்னாடி போகாம பின்னாடி நிக்குது. இப்படியே ஸ்டோருக்கு அனுப்ப மனசு வரல.

வில்லியனூர் விக்கி | புதன், இரவு 11:10

முகவரி விஷயம் உண்மை. கேமை விலைக்கு வித்தாலோ உள்ள காசுக்கு ஏதாவது வித்தாலோ தனிநபர் கணக்குல முழு முகவரியும் தெரியும். காசே வாங்காத இலவச கேம்னா பேரும் நாடும் டெவலப்பர் மெயில் முகவரியும் மட்டும்தான். அதனால முதல் கேமை இலவசமா போட்டுப் பழகு. அம்மா பயப்படறதுல தப்பே இல்லம்மா. தனியா கேம் செய்யற பொண்ணுங்க வீட்டு வாசலை ஊருக்கே காட்டித்தான் சம்பாதிக்கணும்னு ஒரு விதி இருக்கறது எனக்குக் கோபமாத்தான் வருது.

லாஸ்பேட்டை லதா | வியாழன், காலை 6:50

மீனா, யூனிட்டியில எழுத்தைத் திரையில காட்டற டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ நம்ம எழுத்தைச் சேர்த்து வரையாது, ஒவ்வொரு குறியையும் அடிச்ச வரிசையில அப்படியே வைக்கும். அதனாலதான் கொம்பு இடம் மாறுது. யூனிட்டி மாதிரியே இன்னொரு மென்பொருள் கோடோ 4 பாரு, 2023 மார்ச்ல வந்தது. அதுல எழுத்தைச் சேர்த்து வரையற ஹார்ஃப்பஸ் உள்ளயே இருக்கு, தமிழ் சரியா வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு கட்டணமில்லாம கேம்ல சேர்க்கலாம். வசனம் கொஞ்சமா இருந்தா படமாவே வரைஞ்சு வச்சுடலாம், ஆனா ஒரு எழுத்துப்பிழை வந்தா மறுபடி வரையணும்.

இதை விட்டுடாத. ஸ்டீம் செயலி தமிழ்ல இல்ல, ஆனா கேம் தமிழ்ல இருக்கலாம். கனடாவுல இருக்கற விசை கேம்ஸ் 2023-ல 'வெண்பா'ன்னு ஒரு தமிழ்க் குடும்பத்தோட சமையலை வச்சுச் செஞ்ச கேம், 2024-ல பிரிட்டன்ல தர்ற பாஃப்டா அறிமுக கேம் விருது வாங்குச்சு. நம்ம வீட்டுக் கதையை வெளியூர்க்காரங்க ஆடுவாங்களாங்கற கேள்விக்கு அதுவே பதில்.

பழைய ஆட்டக்காரன் | வியாழன், காலை 9:15

ஸ்டீமைத் தவிர மத்த கடையைப் பத்தி யாரும் பேசல. 30% அநியாயம்னுதான் எபிக் கேம்ஸ் கம்பெனி 2018 டிசம்பர்ல 12%-க்குக் கடை திறந்தாங்க. 2023 மார்ச்ல இருந்து அங்கயும் 100 டாலர் கட்டி நாமே வெளியிடலாம். இட்ச்னு இன்னொரு ஆன்லைன் கடை இருக்கு, அங்க அதுவும் வேண்டாம், இன்னிக்குக் கணக்கு திறந்து இன்னிக்கே போடலாம், அவங்களுக்கு எவ்வளவு பங்குன்னு நாமளே முடிவு பண்ணலாம். ஸ்டீம்ல 30% குறையணும்னா ஒரே கேம் 1 கோடி டாலரைத் தாண்டணும். சலுகை யாருக்குத் தேவையோ அவங்களுக்கு இல்ல, ஏற்கனவே இருக்கறவங்களுக்குத்தான்.

லாஸ்பேட்டை லதா | வியாழன், காலை 10:02

30% விஷயத்துல உங்களோட முழுக்க ஒத்துப்போறேன். சின்னவங்ககிட்ட முதல் ஆயிரம் டாலருக்கும் அதே 30% பிடிக்கறது நியாயமில்ல. ஆனா வாங்கறவங்க நிக்கற இடம் ஸ்டீம்தான். இட்ச்ல டெமோவைப் போட்டு கருத்து வாங்குங்க, ஸ்டீம்ல வில்லுங்க.

தம்பி, இப்போ நாள் கணக்கு. நூறு டாலர் கட்டின நாள்ல இருந்து 30 நாள் கழிச்சுத்தான் கேமை வெளியிட விடுவாங்க. "விரைவில்" பேஜ் குறைஞ்சது ரெண்டு வாரம் வெளிய இருக்கணும். பேஜைத் தனியா, பில்டைத் தனியா ஸ்டீம் சரிபார்க்கும், ஒவ்வொண்ணுக்கும் 3 முதல் 5 வேலைநாள் ஆகும். கண்ட்ரோலர் முழுசா வேலை செய்யும்னு டிக் போட்டுட்டு ஒரு மெனுல மவுஸ் தேவைப்பட்டாக்கூட திருப்பி அனுப்புவாங்க. ஆனா இதெல்லாம் குறைந்தபட்சம்தான். உண்மையில பேஜ் மாசக்கணக்கா வெளிய இருக்கணும், ஏன்னா விஷ்லிஸ்ட் போட்டவங்களுக்குத்தான் ரிலீஸ் அன்னிக்கு ஸ்டீம் மெயில் அனுப்பும். பிப்ரவரி, ஜூன், அக்டோபர்ல நெக்ஸ்ட் ஃபெஸ்ட்னு வரப்போற கேம்களோட டெமோ திருவிழா ஸ்டீம்ல நடக்குது. ஒரு கேம் அதுல ஒரே ஒரு தடவைதான் கலந்துக்க முடியும், டெமோ பழுத்ததும் போங்க.

ரிலீஸ் தேதியை நவம்பர், டிசம்பர்ல வைக்காதீங்க. 2011-ல தானே புயல், 2024-ல பெஞ்சல் புயல், நம்ம கரையில எப்போ வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். ரிலீஸ் வாரத்துல கரண்ட்டும் நெட்டும் இல்லாம பக் ரிப்போர்ட் குவிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. கடைசி ரெண்டு வாரத்துல தேதியை நாமளா மாத்தவும் முடியாது, ஸ்டீமை நடத்தற வால்வ் கம்பெனிகிட்ட கேக்கணும்.

பேஜ் வந்ததும் "நாங்க பெரிய க்யூரேட்டர், அஞ்சு கீ குடுங்க"ன்னு மெயில் வரும். க்யூரேட்டர்னா ஸ்டீம்ல கேமைப் பரிந்துரைக்கறவங்க, கீன்னா கேமை இலவசமா திறக்கற குறியீடு. பெரும்பாலும் அந்தக் கீயை வேற சைட்டுல வித்துடுவாங்க. உண்மையான க்யூரேட்டர்னா ஸ்டீமுக்குள்ளயே க்யூரேட்டர் கனெக்ட் வழியா அனுப்பலாம், அதுல கீயே தர வேண்டியதில்ல.

முதுநகர்க்காரன் | வெள்ளி, மாலை 5:20

சென்னைக்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டோம். "வருத்தப்படுவீங்க"ன்னாங்க. பரவாயில்ல. கணக்கர் சார் சொன்ன மாதிரி ரெண்டு பேரும் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து போட்டோம், நண்பனோட அப்பாவும் என் அக்காவும் சாட்சி. நண்பன் பேர்ல பதிவு ஆரம்பிச்சாச்சு. என் பாஸ்புக் பேரைத் திருத்தவும் மனு குடுத்துட்டேன்.

பேஜுக்கான சின்னப் படம் வரைஞ்சிட்டோம். படகு, உடையற அலை, மேல கேம் பேரு, கீழ "கடலூர் இளைஞர்களின் முதல் படைப்பு"ன்னு ஒரு வரி. இது சரியாக்கா?

லாஸ்பேட்டை லதா | வெள்ளி, மாலை 6:05

அந்தக் கீழ் வரியை எடுத்துடுங்க. 2022-ல இருந்து அந்தப் படத்துல ஓவியமும் கேம் பேரும் மட்டும்தான் இருக்கணும், வேற எழுத்து இருந்தா விட மாட்டாங்க. அந்த வரியை "இந்த கேமைப் பற்றி" பகுதியில முதல் வாக்கியமா வைங்க. அலையை நண்பனோட அப்பா சொல்லித் தந்ததையும் அங்கயே எழுதுங்க. பேரை இன்னும் பெருசாக்குங்க, லிஸ்ட்ல அந்தப் படம் கட்டைவிரல் அகலம்தான் வரும். பேஜ் வெளிய வந்ததும் லிங்க்கை இங்க போடுங்க, முதல் விஷ்லிஸ்ட் என்னோடது.